திருகோணமலை வகுப்பறைக்கான 8085 எமுலேட்டர்: காலக் கணக்கிற்கு எந்த வழி?

திருகோணமலை உப்புவெளிப் பக்கத்தில் நான் நடத்தும் வார இறுதி வகுப்பில் பதினெட்டு மாணவர்கள் இருக்கிறார்கள். 8085 நுண்செயலிப் பயிற்சிக் கிட் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கொழும்பிலிருந்து பழையதாக வாங்கி வந்த அந்தக் கிட்டின் முன்னால் ஒரு மாணவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிய காரியம். நிலாவெளியிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளை அந்தப் பத்து நிமிடத்துக்காக அரை நாளைச் செலவிடுவது நியாயமில்லை என்பதால், கிட்டின் வேலையை மடிக்கணினியிலேயே செய்து காட்டும் எமுலேட்டர் ஒன்றை நாங்களே எழுதத் தொடங்கினோம். கட்டளைகள் எல்லாம் சரியான விடையைத் தருகின்றன. அது காலத்தை எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதுதான் இப்போது தீர்மானிக்க வேண்டியதாக இருக்கிறது. எங்களுக்கு முன்னால் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எதை எடுக்கிறோம், எதை ஏன் விடுகிறோம் என்பதை இங்கே எழுதுகிறேன். இதே வேலையில் இறங்கியிருக்கும் மற்றவர்களுக்கும் இது உதவக்கூடும்.

காலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் காட்ட ஒரு பயிற்சி போதும். கிட்டில் கடிகாரத் துடிப்பைத் தருவது 6.144 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டல். 8085 அதை உள்ளே இரண்டால் வகுத்துக்கொள்வதால் செயலி ஓடும் மீடிறன் 3.072 மெகாஹேர்ட்ஸ் ஆகிறது. டி-ஸ்டேட் என்று பாடநூல்கள் சொல்லும் ஒரு கடிகாரத் துடிப்பு சுமார் 325.52 நானோசெக்கன் நீளமானது. ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டி நேரத்தைக் கடத்த மாணவர்கள் எழுதும் தாமதச் சுற்றில் நான்கு கட்டளைகள் வருகின்றன: செயலிக்குள் எண்களை வைத்திருக்கும் பதிவகங்களில் ஒரு சோடியை ஒன்றால் குறைக்கும் டிசிஎக்ஸ் 6 துடிப்பு, அதன் கீழ்ப் பாதியை ஏ பதிவகத்துக்குக் கொண்டுவரும் மூவ் 4 துடிப்பு, மேல் பாதியோடு சேர்த்துப் பூச்சியமா என்று பார்க்கும் ஓஆர்ஏ 4 துடிப்பு, பூச்சியமாகாதவரை மேலே தாவும் ஜேஎன்இசட் 10 துடிப்பு. கூட்டினால் 24, அது சரியாக 7.8125 மைக்ரோசெக்கன். ஆகவே 128 சுற்று ஒரு மில்லிசெக்கன், 64,000 சுற்று அரைச் செக்கன். தொடக்கத்தில் சுற்றின் எண்ணிக்கையைப் பதிவகச் சோடியில் ஏற்றும் எல்எக்ஸ்ஐ எடுக்கும் 10 துடிப்பையும், கடைசிச் சுற்றில் ஜேஎன்இசட் தாவாமல் 7 துடிப்போடு முடிந்துவிடுவதையும் சேர்த்துக்கொண்டால் மொத்தம் 1,536,007 துடிப்பு. இந்தக் கணக்கைக் கொப்பியில் போட்டுவிட்டு, கிட்டில் விளக்கு அரைச் செக்கனுக்கு ஒரு தடவை மாறுவதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தில் வரும் தெளிவுக்காகத்தான் இந்தப் பாடத்தையே நடத்துகிறேன்.

எமுலேட்டரின் முதல் பதிப்பை வகுப்பில் போட்ட அன்று குச்சவெளி மாணவி ஒருவர், “சேர், கிட்டில அரைச் செக்கன், இதில முக்காச் செக்கன் மாதிரிக் கிடக்கு. நான் கணக்கைப் பிழையாப் போட்டிட்டனோ?” என்று கேட்டார். அவருடைய கணக்கில் ஒரு பிழையும் இருக்கவில்லை. பிழை நாங்கள் எழுதிய மென்பொருளில் இருந்தது. சரியாகக் கணக்குப் போட்ட பிள்ளை தன்னைத் தானே சந்தேகிக்க வைக்கும் கருவியைப் பாடத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அன்றே முடிவெடுத்தேன். கீழே வரும் ஒவ்வொரு தெரிவையும் அந்த அளவுகோலால்தான் அளக்கிறேன்.

முதலாவது தெரிவு, எந்த அலகில் எண்ணுவது என்பது. ஒரு கட்டளையை முழுதாக நிறைவேற்றிவிட்டு அதற்குரிய துடிப்புகளை மொத்தமாகக் கூட்டுவது ஆக எளிய வழி. ஒவ்வொரு துடிப்பாகச் செயலியை நகர்த்தி, அந்தந்தத் துடிப்பில் எந்தக் கம்பியில் என்ன நிகழ்கிறது என்று காட்டுவது மறு எல்லை. இரண்டுக்கும் நடுவில், கட்டளையை முழுதாக நிறைவேற்றும்போதே அது நினைவகத்தையோ வெளிச் சாதனங்களை இணைக்கும் துறையையோ தொடும் ஒவ்வொரு இடத்திலும், துடிப்புகளின் கணக்கை வைத்திருக்கும் எண்ணியை அந்த இடம் வரை முன்னகர்த்தும் வழி இருக்கிறது.

துடிப்புத் துடிப்பாக ஓட்டுவது பழைய மடிக்கணினிகளுக்குப் பாரமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது. 2 கிகாஹேர்ட்ஸ் செயலி ஒன்றுக்கு, 8085இன் ஒரு துடிப்புக்குள் தன்னுடைய துடிப்புகள் ஏறத்தாழ 650 கிடைக்கின்றன. அதற்குள் தாராளமாக வேலையை முடிக்கலாம். நான் அந்த வழியை விடுவதற்குக் காரணம் வேறு. 246 கட்டளைக் குறிகளையும் சிறு சிறு படிகளாக உடைத்து எழுதிய செய்நிரலை ஒரு உயர்தர வகுப்பு மாணவர் திறந்து வாசித்து விளங்கிக்கொள்வது கடினம். எங்கள் எமுலேட்டர் இயங்க வேண்டும் என்பதைப் போலவே வாசிக்கப்படவும் வேண்டும்.

எளிய வழியில் வரும் குறை எங்கே வெளிப்படும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். துறையில் எழுதும் அவுட் கட்டளை 10 துடிப்பு எடுக்கும். உண்மையான எழுத்து நிகழ்வது ஏழு துடிப்பு கடந்த பிறகு வரும் மூன்றாவது இயந்திரச் சுழற்சியில். எமுலேட்டர் அதைக் கட்டளையின் தொடக்கத்திலேயே நிகழ்ந்ததாகக் கொண்டாலும், எல்லா அவுட் கட்டளைகளும் ஒரே அளவால் முந்துவதால் இரண்டு எழுத்துகளுக்கு இடைப்பட்ட நேரம் சரியாகவே வரும். டைமர் போன்ற வெளிச் சாதனங்களை நினைவக முகவரியில் இணைத்த கிட்டுகளில்தான் சிக்கல் தொடங்குகிறது. அங்கே மூவ் கட்டளையால் எழுதினால் எழுத்து நான்கு துடிப்புக்குப் பின்னும், எஸ்டிஏ கட்டளையால் எழுதினால் பத்துத் துடிப்புக்குப் பின்னும் நிகழும். ஆறு துடிப்பு வித்தியாசம் என்பது, செயலியின் பாதி மீடிறனில் ஓடும் 8253 டைமருக்கு மூன்று எண்ணிக்கை. டைமரை வாசித்துக் கழித்துப் பார்க்கும் பயிற்சியில் அந்த மூன்று பளிச்சென்று தெரியும். நடு வழி இதைத் தீர்க்கிறது. அதற்கான விலை, நினைவகத்தையும் துறையையும் தொடும் செயற்கூறுகளில் ஆளுக்கொரு வரி. ஆகவே நடு வழியையே எடுக்கிறோம்.

எந்த அலகை எடுத்தாலும் துடிப்பு அட்டவணை பிழையாக இருந்தால் பயனில்லை. அந்தப் பிழை ஒளிந்துகொள்ளும் விதம் என்னைத் திகைக்க வைத்தது. 8085இன் முன்னோடியான 8080இன் அட்டவணையை ஒருவர் கவனக்குறைவாக எடுத்துப் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதில் டிசிஎக்ஸ் 5, மூவ் 5, ஓஆர்ஏ 4, ஜேஎன்இசட் 10. கூட்டினால் அதே 24! மேலே சொன்ன அரைச் செக்கன் சுற்றை மட்டும் வைத்துச் சோதித்தால் அட்டவணை சரி என்றே தோன்றும். ஒரு பைட் பதிவகத்தைக் குறைத்துத் தாவும் சிறிய சுற்றை ஓட்டிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்: 8085இல் டிசிஆர் 4, ஜேஎன்இசட் 10, ஆக 14, 8080இல் டிசிஆர் 5 ஆகையால் 15. வித்தியாசம் ஏழு வீதத்துக்கும் மேல். காலத்தைச் சோதிக்கக் குறைந்தது இரண்டு வெவ்வேறு சுற்றுகள் வேண்டும் என்று நாங்கள் கற்றுக்கொண்டது இப்படித்தான். எச்எல்டி கட்டளையில் செயலி நின்றிருக்கும்போதும் துடிப்புகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பதையும் துடிப்பு எண்ணி மறந்துவிடக் கூடாது.

அடுத்தது, எண்ணிய துடிப்புகளை எந்த வடிவத்தில் வைத்திருப்பது. இதில் நீண்ட விவாதத்துக்கு இடமில்லை. பின்னங்களையும் கொள்ளும் 32 பிட் மிதவைப் புள்ளி எண் 16,777,216க்கு மேல் ஒன்று ஒன்றாகக் கூட்ட மறுத்துவிடும். எங்கள் மீடிறனில் அது ஐந்தரைச் செக்கனுக்குள் வந்துவிடுகிறது. ஒரு துடிப்பை 325 நானோசெக்கன் என்று முழு எண்ணாக வெட்டி வைத்தால் எமுலேட்டர் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 5.8 செக்கன் முந்தி ஓடும். துடிப்பையே முழு எண்ணாக வைத்திருந்து, கணினியின் கடிகாரத்தோடு ஒப்பிடும் அந்த ஒரு தருணத்தில் மட்டும் 15,625ஆல் பெருக்கி 48ஆல் வகுத்தால் நானோசெக்கன் பிசகில்லாமல் கிடைக்கிறது. மிச்சம் எங்கும் சேர்ந்துகொண்டு போகாது.

ஆனால் அந்த முழு எண்ணின் அகலத்தில் நான் ஒரு தவறு செய்தேன். 32 பிட் எண்ணி போதும் என்று நினைத்து எழுதியிருந்தேன். ஒரு மாணவர் எழுதிய மணிக்கூட்டுச் செய்நிரல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இருபத்து மூன்றாவது நிமிடம் தாண்டியதும் அதன் இலக்கங்கள் தலைதெறிக்க ஓடத் தொடங்கின. 4,294,967,296 துடிப்புகளை 3,072,000ஆல் வகுத்தால் வருவது 1,398 செக்கன், அதாவது 23 நிமிடம் 18 செக்கன். அந்தக் கணத்தில் எண்ணி பூச்சியத்துக்குத் திரும்ப, தான் இருபத்து மூன்று நிமிடம் பிந்திவிட்டதாக எமுலேட்டர் நினைத்து, ஒருபோதும் எட்ட முடியாத நேரத்தைத் துரத்திக்கொண்டு முழு வேகத்தில் ஓடியது. நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றின் நடுவில் இது நிகழ்ந்தது. 64 பிட் எண்ணி நிரம்ப ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரம் ஆண்டு ஆகும். இதில் வேறு தெரிவைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

உண்மையான தெரிவு மூன்றாவது இடத்தில்தான் இருக்கிறது: எமுலேட்டரின் காலத்தை மடிக்கணினியின் காலத்தோடு எப்படிக் கட்டுவது? ஒவ்வொரு கட்டளைக்கும் பிறகு காத்திருப்பது முதலில் தோன்றும் யோசனை. கட்டளைகள் 1.3 முதல் 5.9 மைக்ரோசெக்கன் வரைதான் நீள்கின்றன. அவ்வளவு குறுகிய நேரத்துக்கு ஒரு செய்நிரலை உறங்க வைத்து எழுப்ப எந்த இயக்க முறைமையாலும் இயலாது. அப்படி எழுப்பினாலும், செக்கனுக்கு 60 தடவை மட்டும் புதுப்பிக்கப்படும் திரையில் அந்த நுணுக்கத்தைப் பார்க்கக் கண்ணுக்கு வழியில்லை. எனவே காலத்தைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் விரைந்து ஓடி முடித்துவிட்டு மீதி நேரம் காத்திருப்பதே நடைமுறை. 10 மில்லிசெக்கன் துண்டு எங்களுக்கு வசதி, ஏனென்றால் அது சரியாக 30,720 துடிப்பு.

துண்டு முடியும் இடத்தில் ஒரு கட்டளை பாதியில் நிற்காது. சில துடிப்பு கூடுதலாக ஓடித்தான் முடியும். அந்தக் கூடுதலை அடுத்த துண்டிலிருந்து கழிக்க வேண்டும். கழிக்காமல் எண்ணியைப் பூச்சியமாக்கினால், துண்டுக்குச் சராசரி ஐந்து துடிப்பு என்றாலும் மணித்தியாலத்துக்கு அரைச் செக்கனுக்கு மேல் பிசகும். தொடர்ந்து ஏறும் 64 பிட் எண்ணியிடம் இந்தப் பிரச்சினையே எழாது.

காத்திருக்கும் முறையில்தான் முதல் பதிப்பு வழுக்கியது. ஒரு துண்டை ஓடிவிட்டு, “10 மில்லிசெக்கன் உறங்கு” என்று எழுதியிருந்தோம். உறங்கும் செய்நிரல்களை எழுப்பும் விண்டோஸின் வழமையான கடிகாரத் தட்டு 15.625 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவைதான் விழுகிறது. பத்து கேட்டவன் பதினைந்தரைக்குத்தான் எழும்புவான்; அரைச் செக்கன் தாமதம் 0.78 செக்கனாக நீளும். மாணவி சொன்ன முக்காச் செக்கன் இதுதான். இதில் இன்னொரு வேடிக்கையும் சேர்ந்துகொண்டது: விண்டோஸ் 7 ஓடும் ஒரு மடிக்கணினியில், உலாவியில் பாட்டுப் போட்டிருக்கும்வரை எமுலேட்டர் ஒழுங்காக ஓடியது, உலாவியை மூடியதும் மெதுவானது. தட்டை ஒரு மில்லிசெக்கனாக நெருக்கும்படி ஒரு செய்நிரல் கேட்டால், பழைய விண்டோஸில் அது கணினி முழுவதற்கும் பொருந்தும். விண்டோஸ் 10இன் 2004 என்ற எண்ணுடைய பதிப்பிலிருந்து அது கேட்டவருக்கு மட்டும் உரியதாகிவிட்டது. வேறொரு மென்பொருளின் தயவில் சரியாக ஓடுவதைச் சரியான ஓட்டம் என்று சொல்ல முடியாது. தட்டை நெருக்கும் வேண்டுகோளை எமுலேட்டர் தானே விடுக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான மாற்றம், “இவ்வளவு நேரம் உறங்கு” என்பதைக் கைவிட்டு “இந்த நேரம் வரும்வரை உறங்கு” என்று எழுதுவது. எமுலேட்டர் தொடங்கிய கணத்தைக் குறித்துக்கொண்டு, இதுவரை ஓடிய துடிப்புகளுக்குரிய நேரத்தை அதோடு கூட்டினால், அடுத்த துண்டு தொடங்க வேண்டிய கணம் கிடைக்கும். பிந்தி எழும்பினாலும் அடுத்த துண்டை உடனே ஓடி ஈடு செய்யலாம். பிந்தல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேராது. இந்த வழியில், 15.6 மில்லிசெக்கன் தட்டோடு கூட, விளக்கின் சராசரி வேகம் பிசகாது. ஒவ்வொரு மாற்றமும் சற்று முன்பின்னாக விழும், அவ்வளவுதான். லினக்ஸில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு: திரும்பிப் போகாத கடிகாரத்தின் குறித்த கணம் வரை உறங்கும்படி நேரடியாகக் கேட்கலாம், எழும்பும் பிசகு வழமையாக ஐம்பது மைக்ரோசெக்கன் அளவில்தான் இருக்கும். எந்த இயக்க முறைமையிலும் இணையத்தோடு சரிசெய்யப்பட்டு முன்பின் குதிக்கும் மணிக்கூட்டை மட்டும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

பிந்தலை ஈடு செய்வதற்கும் ஒரு எல்லை வேண்டும். மின்வெட்டு நேரத்தில் பற்றரி இறங்கிக் கணினி உறங்கிப் போய், பிறகு எழும்பினால் எமுலேட்டர் அந்த நேரம் முழுவதையும் துரத்தப் பார்க்கும். நூறு மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தியிருந்தால் பழையதை மறந்துவிட்டுப் புதிய தொடக்கக் கணத்தைக் குறித்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறோம்.

உறங்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு சுழல்வது ஆகத் துல்லியமான வழி. மைக்ரோசெக்கனுக்குள் பிசகாமல் நிற்கும். ஆனால் அது செயலியின் ஒரு கருவை (கோர்) நாள் முழுவதும் நூறு வீதத்தில் வேலை வாங்கும். கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில், இரண்டு மின்விசிறி மட்டும் உள்ள அறையில், பழைய மடிக்கணினிகள் ஏற்கனவே இரைந்துகொண்டிருக்கும். பற்றரியும் பாதி நேரத்தில் கரைந்துவிடும். குறித்த கணத்துக்கு ஒரு மில்லிசெக்கன் முன்புவரை உறங்கி, கடைசி மில்லிசெக்கனை மட்டும் சுழன்று கழிக்கும் கலப்பு வழி நியாயமானது. எனினும் விளக்கும் ஏழு துண்டு எண்பலகையும் மட்டும் உள்ள பயிற்சிகளுக்கு அதுவும் தேவையில்லை என்பது என் கருத்து.

ஒலி வந்தால் நிலைமை மாறுகிறது. 8085இன் நான்காவது ஊசிக்காலான எஸ்ஓடி என்னும் வெளியீட்டில் ஒரு சிறிய ஒலிபெருக்கியை இணைத்து 1 கிலோஹேர்ட்ஸ் ஒலி எழுப்பும் பயிற்சியில், கால் ஒவ்வொரு 1,536 துடிப்புக்கும் மேலும் கீழும் மாற வேண்டும். கண் மன்னிக்கும் பிசகைக் காது மன்னிக்காது. மடிக்கணினிக்குள் ஒலிக்கென்று தனியான கடிகாரம் ஓடுகிறது. அதற்கும் கணினியின் கடிகாரத்துக்கும் பத்து இலட்சத்தில் ஐம்பது பங்கு வித்தியாசம் இருப்பது சாதாரணம். ஒலி அலையைச் செக்கனுக்கு 48,000 மாதிரிகளாக, அதாவது அளவுப் புள்ளிகளாக, அனுப்பினால் அது 2.4 மாதிரி. ஒலிக்கக் காத்திருக்கும் 1,024 மாதிரிகளைக் கொள்ளும் இடைத்தாங்கி ஏழு நிமிடத்தில் வற்றிப்போய் “டப்” என்று ஒரு வெட்டு விழும், அல்லது நிரம்பி வழியும்.

இதற்கு இரண்டு மருந்து உண்டு. கணினிக் கடிகாரத்தையே தலைவனாக வைத்துக்கொண்டு, இடைத்தாங்கி குறையும்போதும் கூடும்போதும் ஒலியைக் காதுக்குத் தெரியாத அளவு நீட்டியும் குறுக்கியும் அனுப்பலாம். அல்லது ஒலிக் கடிகாரத்தைத் தலைவனாக்கி, ஒலிச் சாதனம் மாதிரிகள் கேட்கும்போதெல்லாம் அந்த அளவுக்கு மட்டும் செயலியை ஓட்டலாம். எங்கள் கிட்டுக்கு இரண்டாவது வழி அளவெடுத்துத் தைத்ததைப் போலப் பொருந்துகிறது: 3,072,000ஐ 48,000ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 64. ஒரு மாதிரிக்கு 64 துடிப்பு. மாதிரி வீதமாக 44,100ஐத் தெரிவு செய்தால் 69.66 என்று பின்னம் வந்து, மிச்சத்தைச் சுமந்துகொண்டு திரிய வேண்டியிருக்கும். 48,000 மாதிரி வீதத்தை எல்லா மடிக்கணினியிலும் கட்டாயமாகக் கேட்பது என்று முடிவெடுத்தோம். 1,024 மாதிரி இடைத்தாங்கியால் வரும் 21 மில்லிசெக்கன் தாமதம் விசை அழுத்துபவருக்கு உறுத்தாது.

ஒலியைத் தலைவனாக்குவதில் ஒரு பலவீனம் உண்டு. ஒலி வெளியீடு பழுதான மடிக்கணினிகள் வகுப்பில் இரண்டு இருக்கின்றன. புளூடூத் காதொலிக் கருவியைப் போட்டுக் கழற்றினால் மாதிரி கேட்கும் வேண்டுகோள் நடுவில் நின்றுபோகும். கேட்பவர் இல்லையென்றால் செயலியும் நின்றுவிடும். ஆகவே ஒலிப் பயிற்சியை மாணவர் திறந்திருக்கும்போது மட்டும் ஒலிக் கடிகாரம் தலைமை தாங்கும். வேண்டுகோள் வராமல் ஐம்பது மில்லிசெக்கன் கடந்தால் தலைமை கணினிக் கடிகாரத்துக்குத் திரும்பும். 64 பிட் எண்ணி இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் கைமாறும்போது எந்தத் துடிப்பும் தவறிப்போகாது.

இந்த அமைப்போடு சென்ற சனிக்கிழமை கிட்டையும் ஒரு மடிக்கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அரைச் செக்கன் செய்நிரலை இரண்டிலும் ஒரே நேரத்தில் தொடங்கி, நாற்பது நிமிடம் ஓட விட்டோம். கிறிஸ்டல்களின் இயல்பான பிசகே அந்த நேரத்துக்குள் 0.12 செக்கன் வரை போகலாம் என்று முன்கூட்டியே பலகையில் எழுதி வைத்திருந்தேன். நாற்பதாவது நிமிடத்தில் திரையின் விளக்கு கிட்டின் விளக்குக்குச் சற்றுப் பின்னால் எரிந்தது; உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவு. குச்சவெளி மாணவி பலகையில் இருந்த எண்ணைத் தன் கொப்பியில் எழுதி, பக்கத்தில் 1,536,007 என்று போட்டு, இரண்டையும் அடிக்கோடிட்டார்.